இடது பின்கதவு

இரண்டாயிரத்து மூன்று மாடல் எஸ்டீம்.
அறுபத்தெட்டு சொன்னார்கள், அறுபத்திரண்டுக்கு முடிந்தது.
காங்கயத்து எண்ணெய் மில்காரர் ஓட்டிய வண்டி.
முதல் கோடை முழுக்க
ஏசி போட்டால் தேங்காய்ப் பருப்பு வாசம்.

பின் கண்ணாடியில் ஒரு சாமி பேர், பக்கத்தில் துணை.
மண்ணெண்ணெய்த் துணியும் பிளேடுமாகச் சுரண்டியதில்
சாமி உரிந்து வந்துவிட்டது.
துணை மட்டும் வரமாட்டேன் என்றது.
சரி இரு, என்று விட்டுவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
ஹாரனை மாற்றினேன்.
பழையது மில் சங்குக்குப் பிறந்தது,
ஒரு தட்டுத் தட்டினால் மூன்று தெரு எழுந்துகொள்ளும்.
உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் நாலு அலாய் வீல்.
மூன்று ஒரே குடும்பம். நாலாவதை
யாரும் பார்க்காத பக்கம் மாட்டு என்றேன்.
பார்க்காத பக்கம் எதுங்க, என்றான் மெக்கானிக்.

சீட் உறை எங்கள் கம்பெனித் துணி:
இருநூற்று நாற்பது ஜிஎஸ்எம் இன்டர்லாக்,
நீலம் ஒரு பொட்டுத் தூக்கல் என்று
ஜெர்மன்காரன் திருப்பிவிட்ட ரோல்.
பாத்திமுத்து ஓவர்லாக்கில் அடித்துக் கொடுத்தாள்,
டிரைவர் சீட்டின் ஓரத்தில் மறக்காமல்
எக்ஸ்எல் லேபிளும் வைத்து.

கூரை விளக்கு மஞ்சளாக அழுதுகொண்டிருந்தது.
கழற்றிவிட்டு, லேபில் துணி பார்க்கிற அதே வெள்ளையைப் போட்டேன்.
இப்போது ராத்திரி சில்லறை தேடினால்
நோட்டில் ஒட்டிய மஞ்சள்தூள்கூடத் தெரிகிறது.

மிச்சம் அந்தக் கதவு.

யாரோ எப்போதோ இடித்து, மாற்றிப் போட்டது.
வண்டி வெள்ளி நிறம். கதவும் வெள்ளி நிறம்.
எல்லாருக்கும் அப்படித்தான்.
எனக்குத்தான்,
பதினொரு வருசமாகச் சாயப்பட்டறை லேபில்
இரண்டு கறுப்பை எதிரெதிரே வைத்து
எதற்குள் சிவப்பு ஒளிந்திருக்கிறது என்று சொல்லிச்
சோறு தின்கிறவளுக்குத்தான்,
அது வேறு வெள்ளி.
கொஞ்சம் பச்சை. கொஞ்சம் செத்தது.

பல்லடம் ரோட்டு ரங்கதுரை, இருபத்தாறு வயசு,
ஒரு காதில் இயர்போன்,
தகரத் துண்டுகளில் அடித்து அடித்துக் காட்டினான்.
ஒன்றில் மஞ்சள் ஏறிவிட்டது.
இன்னொன்று ஷெட்டுக்குள் சரி,
வெளியே எடுத்து வந்ததும் ஓடிவிட்டது.
மூன்றாவதற்கு நான் வாய் திறக்கும் முன்பே
கையைத் துடைத்துக்கொண்டான்:
"ஏனுங்க்கா, வண்டி இருவது வருசமா வெயில்ல நின்னுருக்குது.
அத்தன வெயிலையும் டப்பாக்குள்ள கலக்க முடியுங்களா?"

ஹாலந்துக்காரனுக்கு மெயிலில்
நானும் இதைத்தான் எழுதுவேன், நாலு பத்தியாக.

கூலி வேண்டாமுங்க என்றான்.
தின்னருக்கு நூற்றைம்பது வாங்கிக்கொண்டான்.

ஆகவே தினமும் ஊத்துக்குளியிலிருந்து வீரபாண்டி,
பொழுதோட வீரபாண்டியிலிருந்து ஊத்துக்குளி.
காலையில் கதவு பொருந்தாது.
மத்தியானம் பார்க்கிங்கில் நொம்பவே பொருந்தாது.

ராத்திரி ரயில்வே கேட் போட்டிருந்தது.
அங்கே இன்னும் பழைய சோடியம் விளக்கு,
பஞ்சாயத்து மறந்துபோன ஒன்றே ஒன்று.
கடலை வாங்க இறங்கித் திரும்பிப் பார்த்தால்
கதவும் வண்டியும் ஒரே தொட்டியில் முக்கி எடுத்தது போல.
குனிந்து பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன்.
நாலாவது வீலுக்குக்கூட மற்ற மூன்றும் சொந்தம்.

பாஸ், என்றேன் வாய்விட்டே.

"என்னங்க?" என்றார் கடலைக்காரர்.
அவர் சட்டை, வேட்டி, தட்டு, கடலை
எல்லாம் அதே நிறம்.
"பத்து ரூபாய்க்குப் போடுங்க."

கூட்ஸ் வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.
அவ்வளவு நேரம் பொருந்தியிருந்தது.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்,
நான் கழற்றிப் போட்டதைவிடச் சத்தமாக.