ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதன் விலை

ஒருமுறை வந்துபோக இருபது லரி.
பெட்ரோலுக்கு ஒன்பது,
பழைய நீவா வண்டியின் கிளட்சுக்கு எப்போதும் கொஞ்சம்,
மிச்சம்
என் படிப்புக்கு.

சலென்ஜிகாவுக்கு மேலே
தார்ச்சாலை மண்ணாகிற இடத்தில்
க்வாஜியின் ஹேசல் கொட்டைத் தோப்பு.
நாலு வரிசை மட்டும் காட்டினார்.
கொடுத்த பணம் நாலு வரிசைக்குத்தானாம்.
வேலிக்கு அந்தப் பக்கம்
மூன்று பேர் களை பிடுங்குவதுபோல் குனிந்திருந்தார்கள்.
அங்கே களையே இல்லை.
நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன்.
காற்றுக்கு ரசீது போட முடியாது.

சந்தைத் தெரு மருந்துக்கடை ஸாஸா
ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.
இலையைப் பார்ப்பதும் இல்லை.
எந்த நோய்க்கும் ஒரு நீலப் புட்டி,
சந்தேகமாக இருந்தால் இரண்டு.
போன குளிர்காலத்தில் கூப்பிட்டனுப்பினார்.
"என் புட்டியின் பெயரை மட்டும் சொல்,
புட்டிக்கு மூன்று லரி உனக்கு."
மரியாதையாகத்தான் கேட்டார். தேநீரும் தந்தார்.
முடியாது என்று வந்துவிட்டு
அன்றிரவு கிளட்ச் செலவை
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

சியூரியின் கணவர்
போலந்தில் லாரி ஓட்டி லரி அனுப்புகிறார்.
தோப்பு அவள் தலையில்.
மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்துக்
கிளையை மூன்று தட்டுத் தட்டினேன்.
இரண்டு நாற்றப்பூச்சி, ஒரு சிலந்தி,
பொறிவண்டுகள் கொஞ்சம்.
இப்படிப் பத்து மரம்.
முழங்காலில் ஈரம் ஏறிவிட்டது.

"தெளிக்க வேண்டாம். வியாழக்கிழமை வருகிறேன்."

அவள் காத்திருந்தாள்.
"அப்புறம்?"
"அவ்வளவுதான்."
"இதற்கா இருபது லரி?
சும்மா இருக்க எனக்கே தெரியுமே!"

சும்மா இருப்பதற்கும்
எண்ணிப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதற்கும் நடுவே
ஐந்து வருடக் கல்லூரி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
சொன்ன நேரத்துக்கும் கட்டணம் கேட்பேனோ என்று
பயந்திருப்பாள்.
பதினைந்து லரியை எண்ணி வைத்தாள்,
அதன்மேல்
ஒரு வட்டம் சுல்குனிப் பாலாடைக்கட்டி.

புதன் இரவு தொலைபேசி.
பக்கத்துத் தோப்புகளில் எல்லாம் நீலப் புட்டி தெளித்துவிட்டார்களாம்.
செத்தது போக மிச்சம்
அவள் வேலி தாண்டி வந்திருக்கிறது.
துணியில் எட்டு. அடுத்த மரத்தில் பதினொன்று.
"யார் எண்ணியது?"
"நான்தான். படுக்கை விரிப்பில்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது.
இந்த மழையில் தெளித்தால்
மருந்து எங்குரி ஆற்றுக்குத்தான் போகும்.
வெள்ளி காலை வரை பொறு என்றேன்.
"மறுபடியும் சும்மா இருக்கச் சொல்கிறாய்."
அவள் குரலில் இருந்தது கோபமா
என்று மழையில் சரியாகக் கேட்கவில்லை.

வெள்ளி வெயிலடித்தது. தெளித்தாள். ஒரே தடவை.

செப்டம்பரில்
ஒன்பது மூட்டை வரவேண்டிய இடத்தில் ஏழு.
முதல் நாளே தெளித்திருந்தால் எட்டா, ஆறா,
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
நெல்லை அளக்கப் படி உண்டு,
சொல்லை அளக்க எதைக் கொண்டுபோவேன்?
என்மேல் பழி சொல்லவில்லை.
ஆனால் மூட்டைகளை
என் கண் முன்னால் ஒருமுறை,
போகும்போது இன்னொருமுறை எண்ணினாள்.

இப்போது படுக்கை விரிப்போடு
தெருவுக்கே அவள்தான் எண்ணித் தருகிறாள். இலவசமாக.
வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த மூன்று பேருக்கும்.
ஸாஸாவின் கடையில் நீலப் புட்டிமேல் தூசி
என்று சொன்னார்கள்.
அந்தத் தெருவில்
எனக்கும் இனி வேலை இல்லை.

வரிப் படிவத்தில்
வருமானம் என்ற கட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.
பதினைந்து லரியை எழுதியாயிற்று.
பாலாடைக்கட்டியைத் தின்றாயிற்று.