வலம்புரியா, இடம்புரியா

இழவு விருந்தில் கோப்பைகளை மோதக் கூடாது.
அதனால் நாற்பது பேர் குடித்தும் சத்தமில்லை.
காளான் சோறு, பீன்ஸ், தேன் விட்ட அவித்த கோதுமை.
பத்ரி ஒவ்வொரு முறையும்
முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்,
எல்குஜா லோம்தாத்ஸே என்று முழுப்பெயர் சொல்லி
ரொட்டியின் மேல் ஒரு சொட்டு ஒயின் விடுகிறார்.

அறிஞர் என்கிறார்.
மாஸ்கோ அழைத்தும் போகாதவர் என்கிறார்.
(போனார். இரண்டு மாதம்.
சாப்பாடு பிடிக்காமல் திரும்பினார்.
சியாலா உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.)

என் முறையும் வரும்.
என்னிடம் இருப்பது ஒரு பூட்ஸ் கயிறு.

தொண்ணூற்று மூன்று, டிசம்பர்.
திபிலிசியில் அப்போது மின்சாரம்
தூரத்துச் சொந்தம் மாதிரி.
வருகிறேன் என்று சொல்லியனுப்பும், வராது.
வகுப்பில் பதினோரு பேர், கையுறையோடு.
நான்கரைக்கெல்லாம் கரும்பலகை
அறையோடு கலந்துவிட்டது.
சாக்கட்டி எங்கோ கீறிக்கொண்டிருந்தது,
பிறகு அதுவும் நின்றது.
"சரி, பலகை செத்தது" என்றார்.
குனிகிற மூச்சு.
வலது பூட்ஸிலிருந்து, கண் கண்ணாக,
கயிறு உருவும் சத்தம்.
மூவிதழாய் முடிந்து
இரு நுனியையும் சேர்த்துக் கட்டி
முதல் வரிசையில் கொடுத்தார்.

"கண்ணுக்கு இன்றைக்கு லீவு. விரலால் படியுங்கள்.
நுனியை அவிழ்க்காமல், அறுக்காமல்
இதை வெறும் வளையமாக்க முடியுமா?
முடியாது என்பது வேறு,
என்னால் முடியவில்லை என்பது வேறு.
இரண்டுக்கும் நடுவில்தான் எனக்குச் சம்பளம்.
அதுவும் நான்கு மாதமாக வரவில்லை."

மூன்று வில்லுக்கும் மூன்று நிறம் பூசச் சொன்னார்.
இருட்டில்.
நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.
சிவப்பு, மஞ்சள், கறுப்பு.
ஒவ்வொரு குறுக்கிலும்
மூன்றும் சந்திக்கின்றனவா, பாருங்கள் என்றார்.
பார்த்தோம்.
சத்தியமாகப் பார்த்தேன்.
அந்தச் சிவப்பை அதன்பின் எங்கும் பார்க்கவில்லை.

"இதற்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு.
ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி.
எவ்வளவு திருகினாலும் அது இதுவாகாது.
கையில் இருப்பது எது? நாளைக்குச் சொல்லுங்கள்."

கயிறு கடைசியாக என்னிடம் வந்தது.
நாற்காலிகள் உரசின.
"யாரிடம் என் கயிறு?"
நான் வாய் திறக்கவில்லை.
எனக்கு இன்னும் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.
சபுர்த்தாலோ வரை பனியில் நடந்தார்,
வலது கால் மட்டும்
தளக், தளக்.

அன்றிரவு, மண்ணெண்ணெய் அடுப்பின் நீலத்தில்,
நுனியை அவிழ்த்துவிட்டேன்.
அவ்வளவுதான்.
திரும்பக் கட்டியது அவர் கட்டியதா,
அதன் பிம்பமா, தெரியவில்லை.
மறுநாள் கேட்டார். வலம்புரி என்றேன்.
"நிச்சயமாகவா?"
கயிற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.
புதுக் கயிறு, வேறு நிறம், போட்டிருந்தார்.

வாய்மொழித் தேர்வில் மூன்று முறை தோற்றேன்.
மூன்றாம் முறை கதவுவரை வந்து, திறந்துவிட்டு,
"லமாரா, உனக்கு ஊகம் நன்றாக வருகிறது.
அதுதான் சிக்கல்" என்றார்.

மின்வாரியத்தில் சேர்ந்தேன். இருபத்தேழு வருடம், இரவுப்பணி.
அவர் தெரு என் பலகையில் ஒரு பச்சைப் புள்ளி.
மொத்தமும் அணையும்போது
முதலில் உயிர் கொடுத்தது அதற்குத்தான்.
யாரிடமும் சொன்னதில்லை. விதிமீறல்.

காலையில் பெட்டியில் படுத்திருந்தார்.
இரண்டு ஷூவிலும் சியாலா போட்ட முடிச்சு,
ஒரே அளவாக, பரிசுப் பொட்டலம் போல.
அருகில் வைக்கத்தான் கயிற்றைக் கொண்டுபோனேன்.
வைக்கவில்லை.
தவறான விடையோடு அவரை எப்படி அனுப்புவது?

பத்ரி என் பக்கம் திரும்புகிறார்.
எழுகிறேன். ஒரு கையில் கோப்பை.
மற்றது கோட்டுப் பைக்குள்,
மேலே, அடியே, மேலே,
விரல்கள் பாட்டுக்குப் போகின்றன.

"முடியாது என்பது வேறு" என்று தொடங்குகிறேன்.
மேசைக் கோடியில்
நரைத்த தலை ஒன்று சட்டென்று நிமிர்கிறது.