நின்றதற்குக் காரணம்

மார்கழியில் இது மூன்றாவது அழைப்பு.
"நின்னுபோச்சு" என்று மட்டும் சொல்லி
போனை வைத்துவிடுவார் வேலப்பன்.
பழனியிலிருந்து வளைவு வளைவாய் ஏறி
மன்னவனூர் சேர்வதற்குள்
எனக்குப் பசி எடுத்து அடங்கியும் விடும்.

முப்பத்தெட்டு மாடுகள், நீளக் கொட்டில்.
தரையில் ஒரு வெட்டு, வெட்டுக்குள் சங்கிலி,
சங்கிலி இழுக்கும் இரும்புத் தகடு.
நிமிடத்துக்கு நான்கு மீட்டர் நகர்ந்து
சாணியைக் குழியில் தள்ளும்.
மிச்சத்தைப் பம்பு பார்த்துக்கொள்ளும்,
பூண்டுப் பாத்திவரை.
இரண்டே நாளில் மாடுகள் பழகிவிட்டன.
தகடு வந்தால் காலைத் தூக்கி வழிவிடும்,
கூட்டமான பஸ்ஸில்
கண்டக்டருக்கு ஒதுங்குவதுபோல.

உறைபனி விழும் இரவுகளில்தான் வம்பு.
கல்லாய் இறுகிய சாணியில் தகடு முட்ட,
மோட்டார் திணறித் தானே அணைந்துகொள்ளும்.
எவ்வளவு பாரத்துக்கு நிற்பது என்று
பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு சொல்கிறது.
"அதைக் கொஞ்சம் ஏத்திவிடு தம்பி.
சாணிக்கே பயந்தா மிஷின் எதுக்கு?"
கம்பெனியைக் கேட்கணும் என்று
போன தடவை நழுவினேன்.
கேட்டுவிட்டேன். ஏற்றலாமாம்.

வாசலில் சின்னப்பாக்கியம்,
கையில் மண்வெட்டி, காதைச் சுற்றி மப்ளர்.
"பதினெட்டு வருசம் கையால வாரினேன்,
ஒருநாளும் மணக்கலை.
உன் மிஷினை எனக்குப் பிடிக்கும்.
அது நின்னா மட்டும் மறுபடி நான்."

ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போனேன்.
கடைசித் தொட்டியருகே நின்றிருந்தது தகடு.
அங்கே சாணி இறுகவில்லை.
தகட்டுக்கும் தூணுக்கும் நடுவில்
ஈரம் காயாத ஒரு கன்று,
விலாவில் இரும்பு பதிந்த கோடு,
மூச்சு ஆவியாய்.
"நாள் இருக்குன்னுல்ல நெனச்சோம்" என்றார் வேலப்பன்,
யாரிடமும் அல்லாமல்.

சங்கிலியைக் கையால் பின்னுக்கு இழுத்தோம்,
மூன்று பேரும்.
தாய் நக்கத் தொடங்கியது,
கன்றை, பிறகு
என் சட்டைக் கையையும்.

"அப்போ அந்தத் திருகு?"
"இருக்கட்டும்.
ராத்திரி மணிக்கொரு தரம் ஓடவிடுங்க,
சாணியை இறுகவிடாம."
கரண்ட் பில்லை மனசுக்குள் கூட்டியபடி
தலையாட்டினார்.

ரசீதில் ஒரு கேள்வி எப்போதும் உண்டு.
நின்றதற்குக் காரணம்:
சங்கிலி, மோட்டார், மின்சாரம், பிற.
பேனா உறைந்திருந்தது, வாயால் ஊதினேன்.
கன்று எழுந்தது, விழுந்தது,
பின்னங்காலை மட்டும் முதலில் நிமிர்த்தியது.

'பிற' என்பதில்
டிக் போட்டேன்.