நூறு கிலோ கல்

தொடையில் ஏற்றி, மார்பில் உருட்டி,
தோளில் நிறுத்த வேண்டும்.
"நம் கல்லைத் தூக்க யார்?"
பாஸ்க் மலையூரில் திருவிழா தொடங்குவது
இந்தக் கேள்வியில்தான்.
பதினெட்டு வருடமாகப் பதிவேடு என்னிடம்.

பள்ளியில் தாய்மொழி பேசிய குற்றத்துக்கு
என் அப்பாவின் விரலில் மோதிரம் மாட்டினார்கள்,
சாயங்காலம் அடிப்பதற்கு அடையாளமாக.
அந்த மொழியில்தான் தூக்குகளை எண்ணுவேன், உரக்க:
பாட், பி, இரு, லாவு.

இந்த வருடம் இப்ரா சிசோகோ.
ரொட்டிக்கடை மகன், இங்கேயே பிறந்தவன்.
குனிந்தான்.
ஏழு முறை ஏறியது கல்.
கத்தினேன், தொண்டை கட்டும்வரை.
அது பொய்யில்லை.

இரவு, சங்கத்தில், ஆப்பிள் மது.
"நல்ல பையன், அவன்மேல் ஒன்றுமில்லை" என்றான் பெஞாத்.
"ஆனால் விதி என்று ஒன்று வேண்டாமா?
நான்கு தலைமுறைக்காவது
இந்த மண்ணின் குடும்பப்பெயர்?"
யாரும் குரலை உயர்த்தவில்லை.
இராட்சே மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனாள்.
அவன் பேசப் பேச
நம் கல்
எங்கள் கல் ஆகிக்கொண்டிருந்தது.
பேனா என் கையில்.
என் அப்பாவின் பெயரைச் சொல்லி
யாரோ கோப்பையை உயர்த்தினார்கள்.
எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

காலையில் ரொட்டி வாங்கப் போனேன்.
இப்ரா சில்லறை எண்ணினான்:
பாட், பி, இரு.
இருவின் இழுப்பு
அப்படியே என் அப்பாவுடையது.
நீட்டிய கையில், மோதிர விரலில்,
மை இன்னும் போகவில்லை.

"அடுத்த வருடம் நூற்றிருபத்தைந்து பார்க்கட்டுமா?"

"ரொட்டி சூடாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.