கணக்கில் வராத நீர்

முதல் சந்திப்பில் நிர்வாகப் பொறியாளர் சன்னவீரப்பா
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்தார்.
நூறு லிட்டர் அனுப்புகிறேன்,
அறுபத்தொன்றுக்குத்தான் பில் வருகிறது,
மீதி எங்கே என்றார்,
மேயப் போய்த் திரும்பாத ஆட்டை விசாரிப்பதுபோல.

நாங்கள் நால்வர். பொதுக்கொள்கை முதுகலை, இரண்டாம் ஆண்டு.
அவரை ‘கிளையன்ட்’ என்றே சொல்ல வேண்டும் என்பது
பேராசிரியரின் உத்தரவு.
பதினான்கு வாரம். ஆறு கிரெடிட்.
நஸ்மாவுக்குப் புள்ளியியல், பிரஜ்வலுக்கு வரைபடம்,
ரிக்ஸினுக்கு ஸ்லைடு,
எனக்குத் தமிழ்.
லிங்கராஜபுரத்துப் பின்சந்துகளில் அதுதான் செல்லுபடியானது:
பாதி கன்னடம், பாதி என் ஊர்ப் பேச்சு,
நடுவில் இரு மாநிலமும் உரிமை கோராத சில வசவுகள்.

கசிவு என்றோம். திருட்டு என்றோம். ஓடாத மீட்டர் என்றோம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினோம்.
ஒரு மீட்டருக்குள் சிலந்தி குடியிருந்தது.
‘இதுவும் பில் கட்டவில்லை’ என்று குறித்துக்கொண்டான் பிரஜ்வல்.
இன்னொரு வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
‘நாலு வருசம் முன்னாடி ஒரு கூட்டம் இதையே கேட்டுச்சே,
பதிலை அவங்க தொலைச்சிட்டாங்களா?’
அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

எட்டாம் வாரம். விடிகாலை மூன்றரை.
வால்வு திறக்கும் மாசிலாமணியின் பின்னால் நடந்தேன்.
நாற்பது வயதிருக்கும். தோளில் ஆளுயர இரும்புச் சாவி.
மூடியை நகர்த்தி, குனிந்து,
பாடம் ஒப்பிக்காத பூமியின் காதைத் திருகுவதுபோலத் திருகினார்.
கீழே தண்ணீர் முதலில் இருமியது,
பிறகுதான் ஓடியது.

அட்டவணைப்படி தெருவுக்கு நாற்பது நிமிடம்.
ஒன்பதாவது கிராஸில் ஐம்பது ஆயிற்று.
ஏன் என்றேன்.
‘சாவு வீடு. ஜனம் வந்து போவும், குளிக்கணும்ல.’
போன வாரம் பன்னிரண்டாவதில்
ஒருத்தி பிள்ளை பெற்று வீடு வந்தாளாம். அங்கே கால் மணி கூட.

‘எழுதிக்காதே தங்கச்சி’ என்று அவர் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
‘பேரைச் சரியா எழுது,
ஆபீஸ்ல எப்பவும் மணியை வுட்டுடறானுங்க’ என்றார்.

அன்றிரவு விடுதிக் கேண்டீனில் சண்டை.
இது இழப்பு, அந்தக் கட்டத்தில் போடு என்றாள் நஸ்மா.
இது சேவை, வேறு கட்டம் வேண்டும் என்றான் ரிக்ஸின்.
துக்கத்துக்குத் தலா எத்தனை லிட்டர் என்று
எந்தக் கையேட்டிலாவது இருக்கிறதா என்றான் பிரஜ்வல்.
யாரும் சிரிக்கவில்லை. தோசைகள் விறைத்தன.
எழுதினால் என்ன வரும் என்று நால்வருக்கும் தெரியும்:
தானியங்கி வால்வு.
எங்கள் மூன்றாம் பரிந்துரையே அதுதான்,
இரண்டு வாரம் முன்பே நல்ல எழுத்துருவில் தயார்.

நான்தான் அழித்தேன். அந்தப் பரிந்துரையை, அந்த ஐம்பது நிமிடத்தை.
மற்ற மூவரும் தத்தம் கைபேசியில்
ஏதோ அவசரம் போலக் குனிந்துகொண்டார்கள்.

இறுதி நாள்.
கசிவு இருபத்தொன்று, மீட்டர் பதினொன்று, திருட்டு ஏழு பாயின்ட் நான்கு.
கிளையன்ட் கால்குலேட்டரில் கூட்டினார்.
எனக்கு முன்பே தெரியும், கூடாது.
இல்லை, கூடியது அதிகம்தான்:
பாயின்ட் நான்கை எங்கோ ஒளிக்கப் போய்
திருடர்கள் தலையில் கட்டியிருந்தேன்.
‘முப்பத்தொன்பதுதானே காணோம்?’ என்றார்.
முழுமையாக்கல் பிழை சார் என்றேன்.
எனக்கே நம்பும்படி இருந்தது என் குரல்.
என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.
மறுபடி எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில்.
ஏ மைனஸ்.

நன்றியுரைப் பக்கத்தில் இருபத்தேழு பெயர்கள்,
பதிவாளர் முதல் ஜெராக்ஸ் கடை ரங்கப்பா வரை.
மணியை விட்டுவிடுவார்கள் என்றுதான் அவர் பயந்தார்.
நான் மாசிலாவையும் சேர்த்து விட்டிருந்தேன்.

அந்தக் கேள்விக்குறி பென்சில்தான்.
யாரேனும் அதன்மேல் பேனாவை ஓட்டும்வரை
ஒன்பதாவது கிராஸில்
ஐம்பது நிமிடம்.