மதி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செருப்புக்கடை மாடியில் ஸ்பீச் தெரபி.
செவ்வாய், வெள்ளி, மூன்றரைக்கு.

"வீட்ல ஒரே பாஷை பேசுங்க,
பையனுக்குக் குழப்பம்"
முதல் நாளே சொல்லிவிட்டார் நித்திலா டீச்சர், கரூர்க்காரர்.
தலையாட்டினேன்.
பாறசாலையில் பிறந்து
குழித்துறையில் வாழ்க்கைப்பட்டவள் நான்.
மீன் விலை கேட்பது தமிழில்,
அழுகை வந்தால் மலையாளம்.
எதைப் பூட்டி எங்கே வைக்க?

இருந்தும் ரெஜினுக்காக
ஒவ்வொரு வாக்கியத்தையும்
கைபிடித்து ரோடு கடத்தினேன்.
பாதி வழியில் நின்றுபோகும் சில.
மிச்சத்துக்கு வாயை மூடிக்கொண்டேன்.
மூன்று மாதம்.
"தமிழ்லதானே பேசுறீங்க?"
"ஆமா டீச்சர்."

ஒரு வெள்ளிக்கிழமை உள்ளிருந்து கூவினார்:
"அம்மா, ஓடி வாங்க! மதிங்கிறான்!"
நோட்டில் தேதியிட்டு எழுதியிருந்தது:
படம் காட்டாமலே, தானாக, மதி.
நல்ல தமிழ் என்று அடிக்கோடு வேறு.
நிலா அட்டையைத் தேடியெடுத்து
அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார்.
"எங்க, மறுபடி?"
"மதி" என்றான் ரெஜின்
காதைப் பொத்திக்கொண்டு.
"மதி, மதி, மதி."
கைதட்டினார்.

எனக்குத் தெரியும் அது எந்த மதி என்று.
தட்டில் மூன்றாவது தோசை விழும்போது,
அவன் அப்பா குரலை உயர்த்தும்போது,
என்னையறியாமல் நான் சொல்வது.
சொன்னால் என் மூன்று மாதப் பொய் வெளியே வரும்.
சொல்லாவிட்டால்
இன்னும் கொஞ்ச நேரம் ஆடும் அந்த நிலா.

"டீச்சர், அது நிலா இல்ல.
போதும்ணு சொல்லுகான்."

கீழே மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.
டீச்சர் அட்டையைக் கவிழ்த்தார்.
மதிக்குப் பக்கத்தில் போதும் என்று எழுதினார்.
அடிக்கோட்டை அழிக்கவில்லை.
பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், எனக்கு.
அதுவரை எனக்கு வராந்தாதான்.
"வேற என்னெல்லாம் சொல்வான்?"

"முழுசா அறிஞ்சூடா" என்றேன், அவரிடமே.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் அதையும் எழுதினார்.
பேடி என்றதும் பேனா நின்றது.
"பயம் டீச்சர், எங்க ஊர்ல வெறும் பயம்."

அடுத்த வாரமும் அவன் அழுதான்,
அட்டைகளை வீசினான்,
என் கையில் கடித்த தடம் இருக்கிறது.
ஆனால் நாலு மணிக்கு,
இன்னும் கால்மணி நேரம் பாக்கியிருக்க,
அவன் உயரத்துக்குக் குனிந்து
கரூர் நாக்கால் கேட்டார் டீச்சர்:
"மதியோ?"

அவன் அவரைப் பார்க்கவில்லை.
கதவோரம் போய்
செருப்பை எடுத்து
அவர் மடியில் வைத்தான்.