காந்தம் ஒட்டாத இடம்

என் பட்டறையில் சத்தம் போடாத கருவி ஒன்றே ஒன்று:
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம்.
புதுப்பேட்டைக்குள் எந்த வண்டி வந்தாலும்
முதலில் அதைத்தான் உடம்பெங்கும் ஓட்டுவேன்.
ஒட்டினால் தகடு.
வழுக்கினால் பட்டி.

இந்த முறை வந்தது
அறுபத்து நாலாம் வருடத்து ஃபார்கோ பிக்கப்.
ராயபுரத்து ஐஸ் கம்பெனி ஏலத்தில் எடுத்தவர்
பல் டாக்டர் யூனிஸ்.
ஐம்பது வருடம் மீனும் ஐஸும் சுமந்திருக்கிறது.
உருகிய தண்ணீர்
உப்பைக் கைப்பிடித்து அழைத்துப்போய்
தரைத்தகட்டின் மடிப்புகளில் குடிவைத்திருந்தது.
மட்கார்டு விளிம்பை விரலால் அழுத்தினேன்.
நமத்த அப்பளம்போல் அமுங்கி
பிறகு உதிர்ந்தது.

"சொத்தையை முழுசாச் சுரண்டாம
மேல அடைச்சா நிக்காது, இல்லீங்களா?"
என்றார் டாக்டர்.
இப்படிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் இவர்தான்.
மற்றவர்கள் கேட்பது
"பொங்கலுக்குள்ள கிடைக்குமா?"

தரையை வெட்டி எடுக்கவே நான்கு நாள்.
பிக்ரம் கிரைண்டரைப் பிடித்தால்
பொறி கூவம் வரைக்கும் போகும்.
வளைவுகளை முதலில்
கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிப் பார்த்து
அப்புறம் இருபதாம் கேஜ் தகட்டில் வெட்டினேன்.
ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு கோணிக்கொள்ளும்.
இங்கே ஒரு பொட்டு,
எட்டி அந்தப் பக்கம் ஒரு பொட்டு,
ஆறவிட்டு, டீ குடித்து,
இன்னும் ஒரு பொட்டு.
உள்ளே டோலியைத் தாங்கிப் பிடித்து
வெளியே தட்டும்போது
சுத்தியல் பார்க்காததை
உள்ளங்கை பார்த்துவிடும்.

இடது கதவில்
ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் வழுக்கியது.
சுரண்டினேன்.
விரல் தடிமனுக்குப் பட்டி.
அதற்கும் கீழே
நல்லெண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்த தகரம்,
அதில் அச்சிட்ட கிளியின் பாதி அலகு.
ஆறு ரிவெட்டில்
மூன்றாவது மட்டும் வரிசையை விட்டு இறங்கியிருந்தது.

அந்த மூன்றாவதை எனக்குத் தெரியும்.

டிசம்பர் வெள்ளம் வடிந்த மாதம்.
கட்டைவிரல் ஒடிந்து
இடது கையால் ரிவெட் அடித்த மாதம்.
தெரு முனை வரை வண்டிகள்.
அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தேதி,
எனக்கு வட்டித் தேதி.
இந்த வண்டி அன்று வரவில்லை.
கதவு மட்டும்
மீன்பாடி வண்டியில் படுத்தபடி வந்தது.
துருவைச் சுரண்டவே இல்லை.
அதன் மேலேயே தகரத்தை வைத்து
அடித்தேன், அப்பினேன், தேய்த்தேன்.
பளபளத்தது.
இரண்டாயிரம் வாங்கினேன்.

"யாருங்க இப்படிப் பண்ணது?"
தோளுக்குப் பின்னால் டாக்டர்.

"யாரோ ஒருத்தன்" என்றேன்.
"டின்னு வெட்டத் தெரிஞ்சவன்."

அவர் குனிந்து,
வாய்க்குள் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"எங்க தொழில்ல
பழைய டாக்டரைத் திட்ட மாட்டோம்.
சில நேரம் அது நாமளாவே இருந்துடும்."
சிரித்தார்.
பிக்ரமும், என்ன புரிந்ததோ, சிரித்தான்.
நான் ரிவெட்டுகளை
ஒவ்வொன்றாகத் துளைபோட்டு எடுத்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவது வர மறுத்தது.

அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கதவின் கீழ்ப்பாதி முழுவதையும் வெட்டினேன்.
வெள்ளி மாதிரி உலோகம் தெரியும்வரை
வெட்டிக்கொண்டே போனேன்.
நினைத்ததைவிட மேலே ஏறியிருந்தது துரு.
புதுத்தகடு, ரெட் ஆக்சைடு,
உள்ளே கைநுழையும் இடமெல்லாம் மெழுகு.
எழும்பூரில் கடைசி ரயில் கூவியபோதும்
விளிம்பை மடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பில் எழுதினேன்.
தரை. மட்கார்டு இரண்டு. இடது கதவு.
கடைசி வரியில்:
பழைய தகரம் எடுத்துக்கொண்டதற்குக் கழிவு,
இரண்டாயிரம்.

டாக்டர் இரண்டு முறை படித்தார்.
"ஒரு எண்ணெய் டின்னுக்கா?"

"வெள்ளத்துல போன டின்னு, டாக்டர்.
அப்போ அதான் விலை."

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
ஃபார்கோ ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பி
ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவே திரும்பியது.
என் சட்டைப்பையில்
காந்தம்
பட்டறைச் சாவியைப் பிடித்துக்கொண்டு
விடுவேனா என்றிருந்தது.